நியோகிளாசிக்கல் நீர்வண்ண நிலக்காட்சி: தூரத்தில் காற்று எப்படி வருகிறது?

கேள்வி சுருக்கமாக இது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் வரையப்பட்ட நியோகிளாசிக்கல், அதாவது பழைய கிரேக்க, ரோமானிய உலகை முன்மாதிரியாகக் கொண்ட, நீர்வண்ண நிலக்காட்சிகளைப் பார்த்து ஒருவர் பயிற்சி செய்கிறார். மரம், ஏரி, குன்று, தூரத்துக் கட்டடம் எல்லாவற்றையும் மூலப் படத்தில் உள்ள இடத்திலேயே வைக்கிறார். ஆனாலும் படம் காலண்டர் படம் மாதிரி ஆகிவிடுகிறது. அந்த மங்கிய ஒளியும் காற்றும் வரமாட்டேன் என்கின்றன. தப்பு கம்போசிஷனிலா (பொருள்களை அடுக்கும் அமைப்பிலா), வண்ணத்திலா என்று கேட்கிறார்.

கம்போசிஷனைப் பென்சிலில் முடித்துவிட்டு, அட்மாஸ்பியரை, அதாவது அந்தக் காற்றையும் ஒளியையும், அப்புறம் வண்ணத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது என்பது என் கருத்து. அந்தக் காலத்து நல்ல ஓவியர்கள் மரத்தையும் மலையையும் அடுக்கும்போதே, நடுவில் எவ்வளவு காற்று நிற்க வேண்டும் என்று கணக்குப் பண்ணித்தான் அடுக்கினார்கள். இதைப் பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. ஒரு ஓவியர், ஒரு இடம் என்று எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ஓவியர் ஜான் ராபர்ட் கோசன்ஸ். இடம் ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள அல்பானோ ஏரி.

அதற்கு முன் கிளாட் லொரேனைப் பற்றிக் கொஞ்சம். லொரேன் பகுதியில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ரோமில் கழித்து, 1682இல் அங்கேயே இறந்தவர். அவருடைய எண்ணெய் வண்ணப் படங்கள்தான் அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஐரோப்பிய நிலக்காட்சிக்கு இலக்கணம். இத்தாலி போய்வந்த ஆங்கிலேயச் சீமான்கள் அவற்றைத் தேடித்தேடி வாங்கினார்கள். அந்த இலக்கணம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: அடியில் இருண்ட முன்புலப் பட்டை. ஒரு பக்கம் உயரமான மரக்கூட்டம், எதிர்ப்பக்கம் அதைவிடத் தாழ்வாக ஒரு புதரோ இடிந்த கோயிலோ. நாடக மேடையில் இரண்டு பக்கமும் தட்டி நிறுத்தி நடுவில் வழி விடுகிற மாதிரிதான். நடுப்புலத்தில் ஆறோ ஏரியோ, சில சமயம் ஒரு பாலமோ, கண்ணை வளைத்து வளைத்து உள்ளே கூட்டிப்போகும். கடைசியில் வெளிறிய தொடுவானம்.

இவ்வளவும் எந்த ஓவிய வரலாற்றிலும் கிடைக்கும். ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். கிளாட் பல படங்களில் சூரியனையே தொடுவானத்தை ஒட்டி, நம் முகத்துக்கு நேராக வைத்தார். அப்படி வைத்தால் மரம், கட்டடம், குன்று எல்லாமே தங்கள் நிழல் பக்கத்தைத்தான் நமக்குக் காட்டும். உள்விவரம் மறைந்துபோய், ஒவ்வொரு அடுக்கும் ஏறக்குறைய ஒரே டோனில், அதாவது ஒரே அளவு இருட்டில், ஒரு தட்டை வடிவமாக நிற்கும். முன்னால் இருப்பது இருட்டு. பின்னால் போகப்போக வெளுப்பு. எண்ணெய் வண்ணத்தில் இதைக் கொண்டுவர மெனக்கெட வேண்டும். நீர்வண்ணத்தில் ஒரு வாஷ் (தண்ணீரில் கரைத்துப் பரப்பிய வண்ணப் பூச்சு) என்பதே ஒரே டோனில் விரியும் தட்டை வடிவம்தான். கிளாடின் திட்டத்தை நீர்வண்ணக்காரர்கள் வாரி எடுத்துக்கொண்டதில் ரசனைக்குப் பங்கு உண்டு. ஆனால் அது அவர்கள் கையிலிருந்த தண்ணீருக்கும் காகிதத்துக்கும் அளவெடுத்த மாதிரி பொருந்தியதும் ஒரு காரணம்.

உங்கள் படத்தைப் பார்க்காமல் சொல்கிறேன்: பொருள்களைக் கிளாடின் இடங்களில் வைத்துவிட்டு, ஒளியை உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து விடுகிறீர்கள் என்றுதான் எனக்குச் சந்தேகம். புகைப்படத்தைப் பார்த்து வரையும் பழக்கம் உள்ள பலருக்கும் இது நடக்கிறது. அப்படி நம் முதுகுப் பக்கத்திலிருந்து விழும் ஒளியில் தூரத்து வீட்டின் ஜன்னல்கூடத் தெளிவாகத் தெரியும், பச்சை எல்லாம் ஒரே பச்சையாகப் பளபளக்கும். அமைப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த ஒளியில் அடுக்குகள் பிரியாது.

சரி, கோசன்ஸுக்கு வருவோம். 1752இல் லண்டனில் பிறந்தவர். 1776இல் ரிச்சர்ட் பெய்ன் நைட் என்ற செல்வந்த அறிஞரோடு சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலிக்குப் போய், 1779 வரை தங்கினார். 1782இல் வில்லியம் பெக்ஃபோர்ட் என்ற பெரும் பணக்காரரோடு இரண்டாவது பயணம். அதில் அவர் நிரப்பிய ஏழு ஸ்கெட்ச் புத்தகங்கள் இப்போது மான்செஸ்டரில் உள்ள விட்வொர்த் கலைக்கூடத்தில் இருக்கின்றன. 1794இல் மனநிலை குலைந்தது, 1797இல் இறந்தார். கடைசிக் காலத்தில் அவரைக் கவனித்துக்கொண்டவர் தாமஸ் மன்ரோ என்ற மருத்துவர். அந்த மன்ரோ வீட்டில்தான் மாலை வேளைகளில் இரண்டு இளைஞர்கள் கோசன்ஸின் படங்களைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாமஸ் கர்ட்டின் கோட்டு வரைவு போடுவார், பின்னாளில் பெரும் நிலக்காட்சி ஓவியரான ஜே. எம். டபிள்யூ. டர்னர் அதன்மேல் வாஷ் போடுவார். டர்னருக்கு ஒரு மாலைக்குக் கூலி மூன்றரை ஷில்லிங், சாப்பாடும் உண்டு. டர்னரின் தூரங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிக்கொண்டு போனால் அந்த மேஜையில் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கும்.

அல்பானோ ஏரி பழைய எரிமலை வாயில் நீர் தேங்கி உண்டானது. ஆழம் சுமார் 170 மீட்டர். சுற்றிலும் செங்குத்தான விளிம்பு. மேற்கு விளிம்பின் மேல் காஸ்தெல் காந்தோல்ஃபோ என்ற ஊர்; போப்புகள் நெடுங்காலம் கோடை மாளிகையாக வைத்திருந்த கட்டடம் அங்கே இருக்கிறது, இத்தாலியச் சிற்பி பெர்னினி வடிவமைத்த தேவாலயத்தின் குவிமாடமும் தெரியும். அந்த விளிம்புக்கு அப்பால் நிலம் இறங்கி, ரோமைச் சுற்றியுள்ள காம்பாஞா சமவெளியாகக் கடல் வரைக்கும் விரிகிறது. கோசன்ஸ் இந்தக் காட்சியை, வாங்குபவர்கள் கேட்கக் கேட்க, சின்னச் சின்ன மாற்றங்களோடு பல முறை வரைந்தார். அதில் ஒரு பிரதி 2010இல் லண்டன் ஏலத்தில் சுமார் 24 லட்சம் பவுண்டுக்குப் போனது.

இந்தப் படத்தில் கிளாடின் திட்டம் இருக்கிறது: இருண்ட முன்புலம், மரம், தண்ணீர், வெளிறிய தொடுவானம். ஆனால் ஒன்றைக் கோசன்ஸ் பிடுங்கிவிட்டார். கண்ணை மெதுவாக உள்ளே கூட்டிப்போகும் நடுப்புலம் காணோம். நாம் விளிம்பின் மேல் நிற்கிறோம். காலடியில் கொஞ்சம் மண்ணும் புல்லும் ஒன்றிரண்டு ஆடுகளும். அதோடு நிலம் சட்டென்று முடிகிறது. அடுத்து கண்ணில் படுவது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே பாதையும் இல்லை, பாலமும் இல்லை. கண் ஒரு தாவு தாவித்தான் எதிர்க்கரைக்குப் போக வேண்டும். அந்தத் தாவலில் நாம் உணர்வதுதான் காற்று. அதற்கென்று அவர் தனியாக எந்த வண்ணமும் பூசவில்லை. முன்புலத்தின் விளிம்பை இருட்டாக, ஓரளவு கூர்மையாக வைத்து, அதற்குப் பின்னால் நேராக வெளிறிய டோனைத் தொடங்கியிருக்கிறார், அவ்வளவுதான். காற்று நிற்க வேண்டிய பள்ளம் பென்சில் கோட்டிலேயே தயாராகிவிட்டது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. காஸ்தெல் காந்தோல்ஃபோ ஊர் படத்தின் பெயரிலேயே இருக்கிறது, ஆனால் படத்தில் அது சின்னதுதான். விளிம்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிழலுருவம். அதற்குப் பின்னால் சமவெளியின் வெளிச்சம். ஊர் இருட்டு, அதற்குப் பின்புலம் ஒளி என்பதால் அந்தச் சின்ன உருவம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பிடிபடுகிறது. அது எவ்வளவு தூரம் என்பதும் அதனாலேயே தெரிகிறது. இதே உருவத்தை ஓர் இருண்ட மலைக்கு முன்னால் வைத்திருந்தால் அது கரைந்துபோயிருக்கும். அதைக் காட்டுவதற்கு விவரங்களைச் சேர்க்க வேண்டியிருந்திருக்கும், விவரம் சேர்த்தால் அது பக்கத்தில் வந்துவிடும். உங்களுக்கும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறது என்று நினைக்கிறேன்.

கோசன்ஸ் இப்படி யோசிக்கக் கற்றது அப்பாவிடம். அலெக்சாண்டர் கோசன்ஸ் ரஷ்யாவில் பிறந்தவர், இங்கிலாந்தில் ஓவிய ஆசிரியர். 1780களின் நடுவில் ஒரு விசித்திரமான பயிற்சி முறையை அச்சிட்டு வெளியிட்டார். பெரிய பிரஷில் மை தோய்த்து, மனத்தில் ஒரு நிலக்காட்சியை மேலோட்டமாக நினைத்துக்கொண்டு, காகிதத்தில் சடசடவென்று கறைகளைப் போட வேண்டும். அப்புறம் ஒளி ஊடுருவும் காகிதத்தை மேலே வைத்து, அந்தக் கறைகளிலிருந்து மலையையும் மரத்தையும் கண்டுபிடித்து வரைய வேண்டும். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் இதில் ஒரு கறாரான ஒழுக்கம் இருக்கிறது: முதலில் இருட்டும் வெளிச்சமும் எங்கெங்கே, எவ்வளவு என்பது முடிவாகிறது, இது வேப்ப மரமா ஓக் மரமா என்பதெல்லாம் பின்னாடி. அதே வெளியீட்டில் வானத்துக்கென்றே இருபது மாதிரிகள் போட்டிருந்தார். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் அவற்றை உட்கார்ந்து பிரதி எடுத்திருக்கிறார். மகன் கோசன்ஸை நிலக்காட்சியைத் தொட்டவர்களிலேயே மிகப் பெரிய மேதை என்று சொன்னவரும் கான்ஸ்டபிள்தான்.

இனி வண்ணம். தூரம் என்றால் நீலம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அது பாதிதான். காற்றில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று பார்த்தால் மீதி விளங்கும். நமக்கும் ஒரு தூரத்து மலைக்கும் நடுவே உள்ள காற்று, சூரிய ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. அந்தச் சிதறிய ஒளி மலையின் நிழல் பகுதிமேல் வந்து படிந்த மாதிரி தெரிகிறது. அதனால் கருமை வெளுத்து நீலமாகிறது. மலையின் வெளிச்சப் பகுதிக்கு நேர்வது வேறு. அங்கிருந்து வரும் ஒளியில் நீலம் வழியிலேயே சிதறிக் குறைந்துவிடுவதால், அது கொஞ்சம் மஞ்சளாக, சில நேரம் செம்மையாகத் தெரிகிறது. ஆக, தூரத்தில் நீலமாவது கருமை மட்டும்தான், வெளிச்சம் சூடாகிறது. தூரத்து மலை முழுவதையும் ஒரே நீலத்தில் முக்கி எடுத்தால் காலண்டர் படம்தான் கிடைக்கும்.

இதைவிட முக்கியமானது, தூரம் போகப்போகக் கருமை வெளுக்கும் வேகம் வெளிச்சம் மங்கும் வேகத்தைவிட அதிகம். அதாவது டோன் வித்தியாசம் சுருங்குகிறது. மூன்றாவது மலையில் மிக இருண்ட நிழல்கூட, இரண்டாவது மலையின் நடுத்தர டோனைவிட வெளுப்பாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில் வரைந்தாலே தூரம் வந்துவிடும். கோசன்ஸின் பல படங்களில் வண்ணம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. சாம்பல் நீலம், சாம்பல் பச்சை, ஒரு பழுப்பு, அவ்வளவே. அவற்றையும் பெரிய வாஷாக ஊற்றாமல், சின்னச் சின்னத் தூரிகைத் தொடுதல்களாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டியிருக்கிறார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் மலைச்சரிவு முழுவதும் அதிர்கிற மாதிரி இருக்கும். ஒரே வாஷில் போட்ட மலைக்கு அந்த உயிர்ப்பு வராது.

பனிமூட்டம் எங்கே தங்கும் என்பதையும் பாருங்கள். ஈரமும் தூசியும் தாழ்வான இடத்தில்தான் அடர்த்தி. அதனால் தூரத்து மலையின் உச்சி ஓரளவு திட்டமாகத் தெரியும், அடிவாரம் கரைந்துபோகும். தொடக்கக்காரர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள்: மேலே மெல்லிசாகத் தொடங்கி, கீழே வர வர அழுத்தம் கூட்டி, அடியில் ஒரு கோடு போட்டு மலையைத் தரையோடு ஒட்டவைக்கிறார்கள். வாஷைத் திருப்பிப் போடுங்கள். உச்சியில் வண்ணத்தை வைத்து, கீழே இறங்கும்போது வெறும் தண்ணீரால் இழுத்துவிடுங்கள். அடுத்த மலையின் உச்சி அந்த வெளுப்பின்மேல் வந்து உட்காரும். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே தானாகவே ஒரு மூட்டம் நிற்கும். அல்பானோ போன்ற எரிமலைப் பள்ளத்தில் இது இன்னும் தெளிவாக நடக்கும், ஏனென்றால் குளிர்ந்த காற்று அந்தப் பள்ளத்துக்குள்ளேயே தேங்கிவிடும். கோசன்ஸ் ஏன் திரும்பத் திரும்ப இந்த ஏரிக்கும், பக்கத்திலிருக்கும் இன்னொரு எரிமலை ஏரியான நெமிக்கும் வந்தார் என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்; வாங்குபவர்களின் ஆசை இன்னொன்று.

அந்த ஆசை என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் படங்களை ஏன் நியோகிளாசிக்கல் என்கிறோம் என்பது விளங்காது. அல்பானோ ஏரிக்கரையில்தான் ஆல்பா லோங்கா என்ற புராண நகரம் இருந்ததாக ரோமானியர்கள் நம்பினார்கள். ட்ராயிலிருந்து தப்பி வந்த புராண வீரன் ஈனியஸின் மகன் கட்டிய ஊர், ரோமின் தாயூர். நெமி ஏரிக்கரை தயானா தேவியின் தோப்பு. அந்த ஏரியையே தயானாவின் கண்ணாடி என்றார்கள். ரோமானியக் கவிஞர் வர்ஜிலையும் வரலாற்றாசிரியர் லிவியையும் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருந்த ஒரு சீமானுக்கு, யாருமே இல்லாத அந்தத் தண்ணீரைக் காட்டினால் போதும், மீதிக் கதை அவருக்கே ஓடும். கிளாடும் அவர் காலத்தவரான நிக்கோலா பூசினும் புராண மாந்தர்களை முன்புலத்தில் நிறுத்தினார்கள். கோசன்ஸ் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஒரு ஆட்டிடையனை மட்டும் வைத்தார், அவனையும் விரல்நுனி அளவுக்கு. அவரைக் கலை வரலாற்றில் பலர் ரொமான்டிக் பக்கம், அதாவது உணர்ச்சியை முன்னிறுத்தியவர்கள் பக்கம், சேர்க்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சண்டை இல்லை. ஆனால் சட்டகம் கிளாசிக்கல்தான். அந்தச் சட்டகம் உறுதியாக இருப்பதால்தான் அதற்குள்ளே இவ்வளவு கரைய முடிகிறது.

இதே காலத்தில் இத்தாலியில் இருந்த மற்றவர்களோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நேப்பிள்ஸ் அரசவையில் இருந்த யாக்கோப் ஃபிலிப் ஹாக்கெர்ட் அந்தக் காலத்தில் கோசன்ஸைவிடப் பல மடங்கு புகழ் பெற்றவர். ஜெர்மன் கவிஞர் கோதே அவருடைய வாழ்க்கை வரலாற்றையே எழுதினார். ஹாக்கெர்டின் மரங்களில் இலை இலையாக எண்ணலாம். அடுக்குகள் எல்லாம் சரியாக இருக்கும். எனக்கு அவை நன்றாகத் துடைத்த ஜன்னல் வழியாகப் பார்க்கிற காட்சிகள். பாராட்டலாம், உள்ளே போக முடியவில்லை. ரோமில் இருந்த சுவிஸ்காரர் லூயி டுக்ரோ இன்னொரு எல்லை. பெரிய அளவுப் படங்கள், எண்ணெய் வண்ணத்தோடு போட்டி போடும் அழுத்தமான இருட்டு. இங்கிலாந்தின் ஸ்டவர்ஹெட் மாளிகைக்கு உரிய ரிச்சர்ட் கோல்ட் ஹோர் அவற்றை வாங்கி மாட்டினார். நீர்வண்ணத்துக்கு முழு ஓவியம் என்ற தகுதி வந்ததே டுக்ரோவால்தான் என்ற நம்பிக்கை ஹோருக்கு. நீர்வண்ணம் எவ்வளவு தூரம் இருட்டுக்குள் போக முடியும் என்று பார்க்க டுக்ரோ நல்ல பாடம். ஆனால் காகிதத்தின் வெண்மை செத்துப்போனால் காற்றும் நின்றுவிடுகிறது என்பதையும் அவரிடமே கற்கலாம்.

ஆங்கில ஓவியர் ஃபிரான்சிஸ் டவுன் எனக்குப் பிடித்தவர். 1780, 81இல் ரோமில் இருந்தார். பேனாக் கோட்டால் வடிவத்தைச் சுற்றி வளைத்து, உள்ளே தட்டையான வாஷ். மூட்டமே கிடையாது. அப்படியானால் அட்மாஸ்பியர் இல்லையா என்றால், இருக்கிறது, அது வேறு வழியில் வருகிறது. அவர் பல படங்களில் ஒளி இடப்பக்கமிருந்து, வலப்பக்கமிருந்து, காலை வெயில் என்றெல்லாம் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். நிழலின் வடிவத்தை அவ்வளவு துல்லியமாக வெட்டியிருப்பதால், வெயிலின் நேரம் தெரிகிறது. உங்களுக்கு ஈர வாஷ் கைவரவில்லை என்றால் கோசன்ஸைவிட டவுனிடம் தொடங்குவது சுலபம்.

எண்ணெய் வண்ணக்காரரானாலும் பிரெஞ்சு ஓவியர் பியர்-ஆன்ரி தெ வலென்சியென் சொன்ன ஒரு ஆலோசனை நீர்வண்ணத்துக்கும் பொருந்தும். வெளியில் உட்கார்ந்து இயற்கையைப் பார்த்து எழுதும் பயிற்சிப் படத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம், சூரிய உதயமும் அஸ்தமனமும் என்றால் அரை மணி நேரம்தான், ஏனென்றால் அதற்குள் ஒளி மாறிவிடும் என்றார். முழுப் படத்தை அவரும் அறைக்குள்தான் வரைந்தார். அதாவது காற்றை வெளியில் பிடித்து வந்து, அமைப்பை உள்ளே கட்டினார்கள். கோசன்ஸின் ஸ்கெட்ச் புத்தகங்களும் அப்படித்தான் பயன்பட்டன.

செய்முறைக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட்மன் ஆலையின் வழவழப்பான காகிதம் வந்துவிட்டிருந்தது. பழைய காகிதங்களில் இருந்த கம்பி வரிகள் அதில் இல்லாததால் பெரிய வாஷ் சமமாகப் படிந்தது. ரீவ்ஸ் கடையில் வண்ணம் கட்டிகளாகக் கிடைத்தது. வெள்ளை வண்ணத்தை நம்பி அவர்கள் வரையவில்லை. வெளிச்சம் என்றால் காகிதம்தான். நீங்கள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இண்டிகோ (கருநீலம்), லைட் ரெட் (செங்காவி), பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), எல்லோ ஆக்கர் (மஞ்சள் காவி). இந்த நான்குக்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். இண்டிகோவையும் லைட் ரெட்டையும் கலந்தால் சூடாகவும் குளிராகவும் எப்படி வேண்டுமானாலும் சாயக்கூடிய ஒரு சாம்பல் வரும். இந்தப் படங்களின் முதுகெலும்பு அந்தச் சாம்பல்தான். அன்றைய வழக்கப்படி, முதலில் படம் முழுவதையும் இந்தச் சாம்பலிலேயே எழுதி, காய்ந்தபின் அதன்மேல் மெல்லிய பச்சையும் காவியும் போட்டார்கள்.

தொடுவானத்தில் மிக நீர்த்த ஆக்கர் வாஷ் ஒன்று போட்டு நன்றாகக் காயவிடுங்கள். பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வானத்தின் சாம்பலை உச்சியில் வைத்துத் தொடுவானம் நோக்கிக் கரைத்துக்கொண்டே வந்தால் வண்ணம் உச்சியிலேயே தேங்கி நிற்கும், தொடுவானம் சுத்தமாக இருக்கும். அப்புறம் மிகத் தூரத்து அடுக்கிலிருந்து முன்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்தபின் அடுத்தது. மிக இருண்ட டோன் முன்புலத்தில் மட்டும், அதுவும் கடைசியில். ஏரி, வானத்தைவிட ஒரு படி இருண்டிருக்கட்டும். தண்ணீர் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. கத்திரி வெயில் காலத்தில் வரைகிறீர்கள் என்றால், வாஷ் பாதி வழியிலேயே காய்ந்து கோடு விழும். காகிதத்தை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள், அல்லது அதிகாலையில் உட்காருங்கள்.

அமைப்பைச் சோதிக்க ஒரு வழி. அந்தக் காலத்துப் பயணிகள் கிளாட் கண்ணாடி என்று ஒரு சின்னக் கருப்புக் குவியாடியை வைத்துக்கொண்டு அலைந்தார்கள். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்ப்பார்கள். காட்சி சுருங்கி, விவரம் குறைந்து, டோன்கள் மட்டும் மிஞ்சும். இன்று கைபேசியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் அதே வேலை நடக்கும். அந்த அளவில் மூன்று நான்கு அடுக்குகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியாவிட்டால், வண்ணத்தைத் தொடவே வேண்டாம். பென்சிலுக்குத் திரும்பிப் போங்கள். மூலப் படத்தைப் பிரதி எடுப்பதற்கு முன் அதையும் இப்படிச் சுருக்கி, தபால்தலை அளவில் மையால் நான்கைந்து கறைகளாக மட்டும் எழுதிப் பாருங்கள். அலெக்சாண்டர் கோசன்ஸின் முறைதான், கொஞ்சம் சோம்பேறித்தனமான வடிவத்தில்.

நம் ஊரை இந்தக் கண்ணோடு பார்த்தவர்களும் உண்டு. ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரும் 1792இல் சென்னையிலிருந்து தெற்கே பயணம் செய்தார்கள். மதுரை, பாபநாசம் அருவி எல்லாம் அவர்கள் படங்களில் வருகின்றன. 1795 முதல் 1808 வரை வெளியான அவர்களுடைய 144 அக்வாடின்ட் அச்சுப்படங்களில் இவையும் உண்டு. அக்வாடின்டில் டோனை அமிலத்தில் படிப்படியாக அரித்துத்தான் கொண்டுவர முடியும் என்பதால், அடுக்குகள் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்று படிக்க அவை வசதியானவை. பாபநாசத்தின் பாறையைக்கூட அவர்கள் கிளாடின் ஒழுங்குக்குள் உட்காரவைத்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. அது வேறு கதை.

கடைசியாக, நீங்கள் எந்தப் பிரதியைப் பார்த்து வண்ணம் கலக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். 18ஆம் நூற்றாண்டு நீர்வண்ணக்காரர்களின் சாம்பலில் இருந்த நீலம் பெரும்பாலும் அவுரிச் செடியிலிருந்து எடுத்த இண்டிகோ. அது ஒளி பட்டால் வெளுத்துவிடும். கூடவே கலந்த செங்காவி வெளுக்காது. அதனால் பல ஆண்டுகள் வெளிச்சத்தில் மாட்டியிருந்த படங்களில் மழைமேகம் இளஞ்சிவப்பாக மாறி, நண்பகல் வானம் அந்திவானம் மாதிரி ஆகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் இது பெரிய சர்ச்சையாகி, ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு அறிவியலாளர்கள் 1888இல் அரசாங்கத்துக்கு அறிக்கையே கொடுத்தார்கள். இன்று டியூபில் வரும் இண்டிகோ பெரும்பாலும் வேறு நீலங்களையும் கறுப்பையும் கலந்து செய்தது, அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. பழைய படத்தைப் பார்க்கும்போது அதன் ஓரங்களைப் பாருங்கள். சட்டத்துக்கும் அட்டைக்கும் அடியில் மறைந்திருந்த ஒரு விரற்கடை அகலப் பட்டையில் முதல் நீலம் இன்னும் இருக்கும். இணையத்தில் பார்ப்பதானால், ஓரம் வெட்டாத படத்தை அருங்காட்சியகங்களின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். ஸ்கெட்ச் புத்தகங்களுக்குள்ளும் பெட்டிகளுக்குள்ளும் மூடிக் கிடந்தவைதான் இந்த விஷயத்தில் நம்பகமானவை. சுவரில் தொங்கியவற்றின் வானத்தை வைத்து அந்த ஓவியரின் மனநிலையை எழுத வேண்டாம்.